எடுத்துவிட்ட சாப்டர்

முதல் கேள்வி தென்னரசுடையதாக இருந்திருக்க வேண்டும். அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், ‘கேள்வி கேக்கலாம்னு சாரு சொன்ன உடனே எந்திரிச்சிடுடா, யார் மூஞ்சியையும் பாக்காத, ஒரு ஆளு முந்திக்கிட்டா அப்பறம் உனக்கு வாய் வராது’ என்று. சார் சொல்லியாகிவிட்டது. முந்திக்கொள்ள வேண்டியவள் முந்திக்கொண்டும் ஆகிவிட்டது. நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் முன்வரிசையில் எழுந்து நின்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தென்னரசு கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தொடைக்கு நடுவே சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குதிகால் என்னவோ தரையை விட்டுக் கிளம்பத்தான் செய்தது. அப்புறம் தானாகவே இறங்கிக்கொண்டது. அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்திருந்தாலும் காலை ஆட்டுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். அக்கா பார்த்தாள். மேடையில் மைக்குக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நிற்கிற அக்கா, நீலச் சுடிதாருக்குத் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை மட்டும் கடைசி வரிசைக்கு அனுப்பி, சரி பரவாயில்லை அடுத்தது நீ, என்றாள். கண்ணாலேயே அவ்வளவும் சொல்ல அவளால் முடியும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நீலச் சுடிதார் கேட்கிற கேள்வியை எழுதிக் கொடுத்ததும் அக்காதான். வைவா என்றால் அப்படித்தானாம். பல வருஷம் படித்து எழுதின தீசிஸை ஊரைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து ஒரு பெரிய புரொபசர் வந்து கேள்வி கேட்பார், கடைசியில் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு சடங்கு. யாருமே கேட்காவிட்டால் அசிங்கம் என்று முன்னாடியே நாலு பேருக்குக் கேள்வியைக் கொடுத்து வைப்பார்கள். தெரிந்த பதிலுக்கு யோசிப்பதுபோல அக்கா மேலே ஃபேனைப் பார்த்தாள். நல்லா நடிக்கிறா, என்று நினைத்தான். இவனுக்குக் கொடுத்த கேள்வி மட்டும் அந்த நாடகத்தில் சேராது. அதற்கு அவளிடம் ஒப்பித்து வைத்த பதில் கிடையாது, கேட்டால் நிஜமாகவே பேசுவாள். அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை. இல்லை, அதனால் இல்லை. காரணம் வேறு. அதை இப்போது நினைக்க வேண்டாம். ஃபேனைப் பார்ப்போம். ஃபேன் சத்தமே போடவில்லை. வாடகைச் சேர் இறக்க இவன் போகிற மண்டபங்களில் எல்லாம் ஃபேன் கடகடவென்று ஆடும், இங்கே ஏசியும் உண்டு ஃபேனும் உண்டு, சேருக்குப் பஞ்சு வைத்து மெத்தை தைத்திருக்கிறது, இதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவே முடியாது, யார் இதை வாங்கினார்கள், அடுக்க முடியாத சேரை.

அக்கா படித்தது கறுப்பர்களைப் பற்றி. ஊரில் யாராவது கேட்டால் அம்மா அப்படித்தான் சொல்வாள், ‘அமெரிக்காவுல கறுப்பு ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்களப் பத்திப் படிக்கிறா’ என்று. கேட்டவர்கள் ‘நம்மள்ல இல்லாத கறுப்பா’ என்று சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். தென்னரசுக்கு முதலில் அது சுத்த வெட்டி வேலையாகத்தான் பட்டது. ப்ளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு மன்னார்குடியில் சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிற பந்தல் கடைக்குப் போக ஆரம்பித்த புதிதில், சாயங்காலம் உடம்பு முறுக்கி வலிக்க வந்து படுப்பான், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். அடிமையாக இருந்து தப்பித்தவர்கள் தாங்களே எழுதின கதைகள். அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருப்பானாம், இந்த ஆளை எனக்குத் தெரியும், இவர் சொல்வது உண்மைதான், இதை இவரேதான் எழுதினார் என்று. அது இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்களாம். தென்னரசு படுத்தபடியே கேட்டான், ‘உன் தீசிஸ்லயும் முதல் பக்கத்துல உங்க சாரு அதானே எழுதிக் கையெழுத்துப் போடுவாரு, இது இந்தப் பொண்ணு தானா எழுதினதுதான்னு?’ அக்கா தலையணையால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். ‘இந்த வாய்க்குத்தான்டா உன்னப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கல.’ ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அதற்கப்புறம் தினமும் கதை கேட்டான். நரியை ஏய்க்கிற முயல் கதை கேட்டான். பருத்திக்காட்டில் பாடுகிற பாட்டைப் பற்றிக் கேட்டான், ஒருத்தன் இழுத்துக் குரல் கொடுப்பான், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், சாமி பாட்டு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே வேறு சேதி ஓடும், இன்றைக்குக் கிளம்பலாம், ஆற்றோரம் போகலாம், ஜாக்கிரதை ஆள் வருகிறான் என்று. சாட்டையோடு நிற்கிறவனுக்கு அது புரியாது. ஆஹா, சந்தோஷமாக இருக்கிறார்கள், பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். அப்போதுதான் அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘நாங்களுந்தான் பாடுனோம்’ என்றாள்.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் ஐந்தாவது சாப்டர் வந்தது. அம்மா பாடிக் காட்டினாள், கை நிறையச் செதிலோடு.

வரப்பு மேல நிக்குதடி வெள்ளக் கொக்கு – அது
வாய்க்கா மீனையெல்லாம் எண்ணி வைக்கும் கொக்கு
எண்ணி எண்ணிக் கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சாம் – நம்ம
எறா மட்டும் சேத்துக்குள்ள போயே போச்சாம்

கொக்கு என்பது பண்ணை ஏஜெண்டு, வெள்ளை வேட்டி கட்டிக் குடை பிடித்து வரப்பில் நிற்பவர். நடவுக்கு இறங்கின பெண்கள் பொழுது சாய்கிற வரைக்கும் கரையேறக் கூடாது, பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட. எறா, அதாவது இறால், என்று பாட்டு வந்ததும் எல்லாரும் குனிந்தபடியே இடம் மாறுவார்களாம், வரிசை நெளியும், அந்த நெளிவுக்குள் பால் கட்டிக்கொண்ட ஒருத்தி மறுகரையில் ஏறிப் புளியமரத்துக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் பாட்டை இழுக்க வேண்டும். ஏஜெண்டுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்குமாம். ‘கொக்குப் பாட்டு பாடுங்கடி’ என்று அவரே கேட்பாராம். அம்மா இதைச் சொல்லிவிட்டு மீன் தண்ணீரைக் கொல்லையில் கொட்டப் போனாள். அக்கா அவன் பக்கம் திரும்பினாள். ‘அரசு, அங்க பாட்டுக்குள்ள நிஜமாவே சேதி இருந்துச்சா, இல்ல பின்னாடி வந்தவங்க கட்டிவிட்டதான்னு இன்னிக்கும் சண்டை போட்டுக்கறாங்கடா. பாடினவங்களக் கேக்க முடியாது, செத்துப் போயிட்டாங்க. இங்க பாடினவங்க மீன் கழுவுறாங்க.’ அப்போது அவள் முகம் இருந்தது இருக்கிறதே. அதை நினைக்கக் கூடாது. முயலை நினைக்கலாம். முயல் வாயால் தப்பிக்கும், எதைச் செய்யாதே என்று கெஞ்சுகிறதோ அதைத்தான் செய்ய வைக்கும். புளியமரத்தில் தூளியில் கிடந்தது இவன்தான். தூளியை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அக்கா. இதையும் நினைக்கக் கூடாது, எதை ஒதுக்கினாலும் அது அங்கேதான் போய் நிற்கிறது.

அக்காவின் கைடு வைத்தியலிங்கம் சார் அந்தச் சாப்டரை எடுக்கச் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அக்காவுக்கு ஸ்காலர்ஷிப் நின்றபோது ஆபீஸ் ஆபீஸாக நடந்தது அவர்தான், இவ்வளவு தூரம் அவளைக் கொண்டு வந்ததும் அவர்தான், தீசிஸ் தேதி தள்ளிப் போனபோது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். அந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். ‘மணிமொழி, எங்க தாத்தா பண்ணையிலயும் நடவு நடக்கும், நான் சின்னப் பையனா வரப்புல நின்னு கேட்டிருக்கேன். களைப்புத் தெரியாம இருக்கப் பாடுவாங்க. சந்தோஷமாப் பாடுவாங்கம்மா. இதுல போய் ரகசியம், சதின்னு எல்லாம் எழுதினா வெளியில இருந்து வர்றவங்க சிரிப்பாங்க. உங்க அம்மா சொன்னதுங்கறது ஆதாரம் ஆகாது.’ அக்கா இதை வீட்டில் வந்து அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். தென்னரசு குதித்தான், நான் வந்து கேக்கறேன் அந்தாளை என்றான். ‘கேப்பே. நீ கேட்டுட்டு சேர் தூக்கப் போயிடுவே, அவர் கையெழுத்து இல்லாம நான் எங்க போறது?’ எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டதைக் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருந்தாள், பிள்ளைக்குப் பேர் வைத்த மாதிரி அதற்கு ‘எறா’ என்று பேர் கொடுத்து. பிறகுதான் இந்த யோசனை வந்தது. கூட்டத்திலிருந்து கேள்வி வந்தால் அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொன்னால் அது வைவா ரிப்போர்ட்டில் ஏறும், வெளியூர் புரொபசர் ஆமோதித்தால் புத்தகமாகப் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம். அவளாக எடுத்துப் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். கூடப் படிக்கிற யாரையும் கேட்கச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ‘உனக்கு யாருடா கைடு? உனக்கு என்ன பயம்?’ என்றாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேள்வியை அவன் காதில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தாள். ‘தமிழ்லயே கேளு. உன் பாஷையிலயே கேளு.’ அவனும் ஹெல்மெட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லும்போது இனித்தது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாரை எதிர்த்துக் கேட்டபோது இருந்த அதே சூடு. ‘சார், எங்க தெரு பசங்கள மட்டும் ஏன் கடைசி பெஞ்சுலயே வைக்கிறீங்க’ என்று கேட்டதற்குத்தான் அப்பாவைக் கூட்டி வா என்றார்கள், அப்பா எங்கே இருக்கிறார் கூட்டி வர, போட்டோவில்தான் இருக்கிறார், அதோடு வந்தவன் வந்தவன்தான். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது அவனுக்கு, ஊரே சொல்லும். அதை நம்பித்தான் அக்கா அவனைப் பிடித்தாள்.

‘ஏய், அரசு’ என்று அம்மா முழங்கையால் இடித்தாள். வாயில் முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டு, கோயிலில் பேசுகிற மாதிரி, ‘நம்ம பாட்டு வந்துருச்சா?’ என்றாள். இன்னும் வரவில்லை என்று காலையிலிருந்து பல தடவை சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு உன் பாட்டைப் பற்றிப் பேச்சு வரும் என்று அக்கா சொல்லித்தான் அம்மாவைக் கூட்டி வந்தாள். இல்லாவிட்டால் இந்த ஏசிக்குள் அம்மாவுக்கு என்ன வேலை. சந்தன நிறத்தில் வாயல் புடவை, காதில் அக்கா வாங்கிக் கொடுத்த கவரிங் தோடு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், எல்லாரும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. சில்லென்ற டைல்ஸில் பாதத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறாள். சேற்றுப்புண் ஆறின கறுப்பு விரல் இடுக்கெல்லாம். மேடையில் அக்கா இங்கிலீஷில் பேசிக்கொண்டே போகிறாள், அம்மா ஒரு சொல் புரியாமல் எல்லாச் சொல்லுக்கும் தலையாட்டுகிறாள். ‘வந்துருச்சா?’ இன்னும் இல்லை என்றுதான் வாயைத் திறந்தான். வாயில் வந்தது வேறு. ‘ம், இப்ப அதத்தான் சொல்லிட்டு இருக்கா.’ அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். ‘கொக்குன்னு சொல்லிட்டாளா?’ ‘சொல்லிட்டா.’ ‘அந்த அம்மா என்ன சொல்லுது, கண்ணாடி போட்டுருக்கே, அது?’ ‘நல்லாருக்குன்னு சொல்லுது.’ கண்ணாடி போட்ட அம்மாள் சூசன் மேடம், கேரளாவிலிருந்து வந்திருக்கிற வெளியூர் புரொபசர். அவர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று தென்னரசுக்குத் தெரியாது. பிசிக்ஸ் வாத்தியாரிடம் அப்பா செத்துப் போய்விட்டார் என்கிற உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது. இது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இனி அம்மா கேட்க மாட்டாள். இனி இந்த மண்டபத்தில் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிற ஆள் அக்கா ஒருத்திதான். ஒரு ஆளைக் குறைத்துவிட்டான். அம்மா அடுத்த நாற்காலியில் இருக்கிற யாரோ ஒரு பெண்மணியைப் பார்த்துச் சிரித்தாள், மேடையில் இருப்பது என் மகள், பேச்சு என்னைப் பற்றி என்கிற சிரிப்பு. அந்தப் பெண்மணியும் மரியாதைக்குச் சிரித்தார். தென்னரசுக்கு எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. எழுந்தால் கேள்வி கேட்கத்தான் எழுந்தான் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ஓடவும் முடியாது.

சரி, நினைத்துவிடலாம். காலையில் வேனிலிருந்து வைவாவுக்கான தண்ணீர் பாட்டில் கேஸை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினபோது வைத்தியலிங்கம் சார் எதிரே வந்தார். இவன் சுவரோடு ஒட்டி வழி விட்டான். அவர் போகவில்லை. ‘மணிமொழியோட தம்பிதானே? இறக்கி வைப்பா முதல்ல’ என்றார். இறக்கி வைத்தான். தோளில் கை போட்டார். அப்படியே, வேர்வையில் நனைந்த சட்டை மேல், சாதாரணமாக. ‘என்ன பண்றே இப்ப?’ பந்தல் கடை என்றான். ‘எவ்வளவு நாளைக்கு இதைத் தூக்கிட்டு இருப்பே. டிபார்ட்மென்ட்ல அட்டெண்டர் ஒருத்தர் ரிடயர் ஆகறார். இப்ப டெம்பரவரிதான், அப்பறம் பாத்துக்கலாம். திங்கக்கிழமை வந்து என்னைப் பாரு.’ இவ்வளவுதான். ‘இன்னைக்கு எல்லாம் நல்லபடியா முடியட்டும், உங்க அக்கா ரொம்ப உழைச்சிருக்கா’ என்று சொல்லித் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கேள்வி கேட்காதே என்று சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அதற்குப் பேர் லஞ்சம், முகத்தில் விட்டெறிந்துவிட்டு எழுந்து கேட்டிருக்கலாம். தெரியாமல் கொடுத்ததை என்ன செய்வது. தென்னரசை அறுக்கிறது அந்த வேலையே இல்லை. அந்தக் கைதான். அந்தக் கை தோளில் இருந்த நேரம் அவன் அசையவில்லை. கேஸைத் தூக்கி மேலே போய் வைத்தபிறகும் அந்த இடத்தில் எடை இருந்தது, பிடித்திருந்தது. அம்மாவை வரப்பிலிருந்து எண்ணின கூட்டத்துப் பேரன், வேர்வை என்று பார்க்காமல் கை போட்டார் என்று உள்ளே ஒரு நாய் வாலை ஆட்டியது. வாலை ஆட்டியதை அவனே பார்த்தான். பார்த்துக்கொண்டே ஆட்டவிட்டான். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவும்போது கண்ணாடியில் தோளை ஒருதரம் பார்த்தான். என்னடா தெரியும் அங்கே, மடையா. அட்டெண்டர் என்றால் யூனிபார்ம் கொடுப்பார்கள், அம்மா அதைத் தேய்த்து மடித்து வைப்பாள், தெருவில் சொல்லிக்கொள்வாள். அம்மாவுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாமா. அம்மாவின் பாட்டை அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று. கேட்கவே கேவலமாக இருக்கிறது. அக்காவுக்காக என்று வைத்துக்கொண்டால்? சார் கோபித்துக்கொண்டால் பட்டம் தள்ளிப் போகும், கையெழுத்து இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவளே சொன்னாள். அதுவும் உண்மைதான். உண்மையான காரணம் இத்தனை இருக்கும்போது நிஜக் காரணம் ஏன் இவ்வளவு சின்னதாக, தோளில் உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது.

இரண்டாவது கேள்வியும் கேட்டாகிவிட்டது, தாடி வைத்த ஒருவர், கேள்வி என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்லி உட்கார்ந்தார். அக்கா பறக்கிறவர்களின் கதையை எடுத்தாள். இங்கிலீஷில் சொன்னாலும் தென்னரசுக்குத் தெரிந்துவிட்டது, கையை அவள் லேசாக விரிப்பாள் அந்த இடத்தில். கப்பலில் பிடித்து வந்தவர்களில் சிலருக்குப் பறக்கத் தெரியுமாம். சாட்டை ஓங்கும்போது பழைய பாஷையில் ஒரு சொல்லைச் சொல்வார்கள், வயலிலிருந்து அப்படியே எழும்பிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் முதல் தடவை கேட்டபோது தென்னரசு சொன்னான், ‘பறக்கத் தெரிஞ்சவன் கப்பல்ல ஏத்தும்போதே பறந்திருக்க வேண்டியதுதானே, இத்தனை வருஷம் பருத்தி எடுத்துட்டா யோசிச்சான்?’ அக்கா சிரித்து உருண்டாள். அப்புறம் சொன்னாள், ‘அது இல்லடா கதை. பறக்கத் தெரியாதவங்க கீழயே நின்னாங்கல்ல, அவங்க என்ன பண்ணினாங்கங்கறதுதான் கதை.’ ‘என்ன பண்ணினாங்க?’ ‘நாங்க பாத்தோம்னு சொன்னாங்க. பிள்ளைங்ககிட்ட, பேரன்கிட்ட, சொல்லிட்டே இருந்தாங்க. எவனும் நம்பலைன்னாலும்.’ அப்போது இது அவனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பார்த்ததைச் சொல்வதற்கு என்ன கஷ்டம், வாய் இருக்கிறது சொல்லலாம். இப்போது நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்க்கிறான், காய்ந்து ஒட்டுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. ஊர்ப் பேரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்காமலே தெரிந்துவிடும், அந்த ஊர்ப் பேரிலேயே ஜாதி இருக்கிறது. இந்த மெத்தை வைத்த சேர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், முதலில் அவனை, அடுத்து அம்மாவை, அம்மாவின் வெறும் காலை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் எல்லாம் தெரிந்துதான் சொல்லச் சொன்னாள், நடவு என்பதற்கு இங்கிலீஷ் தேடித் தேடிக் களைத்தவள் அவள். அவளுக்கு மட்டும் கூசாதா. கூசக் கூசத்தானே நிற்கிறாள் மேடையில்.

சூசன் மேடம் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மலையாளம் கலந்த தமிழில், ‘குடும்பத்தில் இருந்து வந்திருக்காங்க அல்லே? அம்மா வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்களுக்கும் சொல்லலாம், கேக்கலாம். தமிழ் எனக்கு மனசிலாகும்’ என்றார். எல்லாரும் திரும்பினார்கள். ஆசையாகத்தான் திரும்பினார்கள், முகத்தில் எல்லாம் சிரிப்பு. அம்மா பதறி முந்தானையைத் திரும்ப வாய்க்குக் கொண்டு போனாள். ‘என்னடா கேக்குறாங்க?’ ‘உன்ன நல்லாருக்கீங்களான்னு கேக்குறாங்க.’ அம்மா உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பி மண்டபத்துக்கே கும்பிடு போட்டாள். கைதட்டினார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தன் பாட்டுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று. வைத்தியலிங்கம் சாரும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்தின பிறகும் ஒரு தட்டு கூடவே தட்டினார், மனசாரத்தான். கைதட்டல் ஓய்ந்ததும் சார் தென்னரசைப் பார்த்தார், ‘தம்பி, நீ ஏதாவது?’ என்று புன்னகையோடு. அவரேதான் கேட்டார். வழி விட்டுக் கொடுத்தார். இதற்குமேல் ஒருத்தன் என்ன செய்வான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அக்கா மைக் ஸ்டாண்டைப் பிடித்திருந்தாள். அவள் பதிலை ஆரம்பித்தேவிட்டாள், உதடு லேசாகப் பிரிந்திருந்தது, முதல் சொல் அங்கே நின்றுகொண்டிருந்தது. தென்னரசு தலையை ஆட்டினான். ஒன்றும் இல்லை சார் என்கிற ஆட்டல். சிரித்துக்கொண்டே ஆட்டினான், வெட்கப்படுகிற தம்பி மாதிரி. யாரோ ‘பாவம், பையன் கூச்சப்படறான்’ என்றார்கள், முன்வரிசையில் சிரிப்பு கேட்டது. அக்காவின் உதடு மூடிக்கொண்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொள்ளலாம், அவனுக்குச் சண்டை தெரியும். என்ன ஆச்சு உனக்கு, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று பார்த்தாள்.

‘அப்ப வேற யாரும் இல்லைன்னா’ என்று சார் இழுத்தார். அந்த இழுப்புக்குள் தாராளமாக நேரம் இருந்தது, நேரம் இல்லை என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு. அக்கா சொன்னது பெரிய காரியமே இல்லை. எந்திரிக்கணும். பேரைச் சொல்லணும், ஊரைச் சொல்லணும். பக்கத்தில் இருக்கிறது எங்க அம்மா செங்கமலம் என்று சொல்லணும். எங்க அம்மா வயலில் பாடின கொக்குப் பாட்டுக்கும் நீங்க படிச்ச அந்தப் பாட்டுகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்கணும். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடணும். அவன் உட்கார்ந்தே இருந்தான்.